பரீட்சைக்கு முதல் நாள் கழற்றிய பில்டர்

இரும்பை இரும்பால் தட்டும் சத்தத்தை என்னால் இன்றும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஈப்போவில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமையானால் தன் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முதல் தட்டு விழுந்ததுமே நான் எழுந்துபோய் ஜன்னல்களை மூடுவேன். "அவரு மோட்டாரத் தட்டறாரு, ஒன் தலையவா தட்டறாரு?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவருக்கென்ன, டவுனில் வளர்ந்தவர்.

என் வயதுக்காரர்கள் இப்படிச் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சர்க்கரை மாத்திரையும் முட்டிவலித் தைலமுமாக ஆகிவிட்ட நம் எல்லாருக்குள்ளும் இப்படி ஒரு சத்தமோ வாடையோ குடியிருக்கத்தான் செய்யும். என்னுடையது ஒரு சுத்தியல் சத்தம். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், ஒரு நவம்பர் மாதம், காலையில் தொடங்கி சாயங்காலம் வரை கேட்டது.

அந்த வருஷம் அக்கா பள்ளிப்படிப்பின் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதினாள். எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த வீடுகளில் எதிலிருந்தும் அதுவரை யாரும் அந்தப் பரீட்சை வரைக்கும் போனதில்லை. அக்காவுக்குத் தாதியாக வேண்டும் என்று ஆசை. அதற்குக் கணக்கில் தேற வேண்டும். முன்னோட்டப் பரீட்சையில் அவள் கணக்கில்தான் கவிழ்ந்திருந்தாள். இந்த முறையும் போய்விட்டால் அடுத்த வருஷம் விடியற்காலையில் அம்மாவோடு பெரட்டுக்குப் போய் ஆள் கணக்குக் கொடுத்துவிட்டுப் பால் எடுக்க மரம் வெட்டப் போக வேண்டியதுதான். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதில் இன்னொரு சிக்கல். பரீட்சை நடப்பது பள்ளி விடுமுறையில். பிள்ளைகளை டவுனுக்கு ஏற்றிப்போகும் தோட்டத்து லாரி விடுமுறை வந்தால் நின்றுவிடும். ஒரே ஒரு பிள்ளைக்காக லாரி விட முடியாது என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கையை விரித்துவிட்டார். செம்மண் சாலையில் நடந்து பெரிய ரோட்டுக்குப் போய் பஸ் பிடித்தால், பஸ் வந்து சேர்வதற்குள் அங்கே கேள்வித்தாள் பாதி முடிந்திருக்கும்.

"ஒரு லாரியும் வேணாம். எம் மோட்டார் இருக்கு" என்றார் அப்பா.

அந்த மோட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் மற்றவர்கள் வைத்திருந்ததெல்லாம் கப்சாய் என்கிற சின்ன மோட்டார். அப்பாவுடையது நான்கு சிலிண்டர் வண்டி, எங்கோ லெலோங்கில் ஏலம் போனதைச் சீனக் கடைக்காரர் ஒருவர் எடுத்து அப்பாவின் தலையில் கட்டியது. அதன் இருக்கை, என்னைப் போல மூன்று பிள்ளைகள் உட்காரும் அளவுக்கு அகலம். கிளப்பினால் எங்கள் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்கள் அலமாரியில் கிடுகிடுக்கும். எதிர்வீட்டு அத்தை டவுனில் சப்பாத்துத் தொழிற்சாலைக்குத் தன் கப்சாயில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். "தையல் மிஷினுக்கு யாரு சக்கரம் மாட்டிக் குடுத்தது?" என்று அப்பா அவரைச் சீண்டுவார். "மிஷினு நிக்காம ஓடுதுண்ணே, அது போதும்" என்று அத்தையும் சிரித்துக்கொண்டே போவார்.

அப்பா வேலை பார்த்தது தோட்டத்துப் பால் ஸ்டோரில். வெட்டிய பாலைக் கொண்டுவந்து நிறுத்து ஊற்றும் இடம் அது. அதனால் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு போத்தல் பால் இருக்கும். குடிக்கிற பால் இல்லை, ரப்பர் பால். உறையாமலிருக்க அமோனியா கலந்தது, மூடியைத் திறந்தால் மூக்கைப் பிய்த்துக்கொண்டு போகும். அப்பாவுக்கு அதுதான் சகல வியாதிக்கும் மருந்து. கூரைத் தகரத்தில் ஓட்டையா, பால். என் பள்ளிச் சப்பாத்தின் அடி பிரிந்ததா, பால். அக்காவின் புத்தக முதுகு கிழிந்ததா, அதற்கும் பால். எங்கள் வீட்டுக்குள் நடந்தால் காலில் ஏதாவது ஒன்று லேசாக ஒட்டிக்கொண்டே இருக்கும்.

முந்தைய தடவை மோட்டாருக்கு எண்ணெய் மாற்றியபோது, எஞ்சினுக்கு முன்னால் மாட்டியிருக்கும் பில்டர் ஓரமாக ஒரு சொட்டுக் கசிந்தது. கெட்டிப்பால் டின் அளவில் உருண்டையாக ஒரு டப்பா, அதுதான் பில்டர். திருகிக் கழற்றலாம், திருகி மாட்டலாம். அப்பா அதைத் தளர்த்தி, வாயிலிருந்த ரப்பர் வளையத்தைச் சுற்றிப் பால் பூசி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். அப்புறம் ஒரு சொட்டுக் கசியவில்லை. ஒரு வாரம் போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் குனியச் சொல்லிக் காட்டினார்.

முதல் வாரப் பரீட்சைகள் ஒழுங்காகவே நடந்தன. இருட்டோடு இருட்டாக அக்காவை ஏற்றிக்கொண்டு போய், மத்தியானம் கூட்டிவந்துவிடுவார். அதற்காக ஸ்டோரில் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை திரும்பி வந்து வண்டியை நிறுத்தியவர், அணைக்காமல் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"டிக் டிக்குனு ஒரு சத்தம் வருது, கேக்குதா?"

எனக்குக் கேட்கவில்லை. அக்காவுக்கும் கேட்கவில்லை. அம்மா, "பேசாம இருங்க, நல்லாத்தான் ஓடுது" என்றார். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஈப்போவுக்குப் போய் மினியாக் ஹீத்தாம் என்கிற எஞ்சின் எண்ணெய் நாலு போத்தலும் புது பில்டரும் வாங்கிவந்தார். அந்த வண்டிக்கான சாமான் சுங்கை சிப்புட்டில் கிடைக்காது.

திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா மோட்டாரைப் பின்பக்கம் உருட்டிக்கொண்டு போனார்.

இன்று யோசிக்கையில் அப்பாவை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. அவர் படித்தது தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைக்கும். அக்காவின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்படியே மூடி வைப்பார். அந்தப் பரீட்சையில் அவர் கைக்கு எட்டியது மோட்டார் மட்டும்தான். அதனால் கெட்டுப்போகாத ஒன்றைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார்.

எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டுத்தான் பில்டரில் கை வைத்தார். அதுதான் பெரிய தப்பு; எண்ணெய் இல்லாமல் எஞ்சினைக் கிளப்ப முடியாது. கையால் திருகினார், அசையவில்லை. துணியைச் சுற்றித் திருகினார். உப்புத்தாளைச் சுற்றித் திருகினார். சைக்கிள் டியூபை வாராக வெட்டி டப்பாவைச் சுற்றிப் போட்டு இழுத்தார். வார் அறுந்து அப்பா மல்லாந்து விழுந்தார். நான் சிரித்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு அங்கேயே நின்றது.

லயத்தில் ஞாயிற்றுக்கிழமை வேறென்ன வேலை? ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கங்காணி ஒரு முக்காலியே கொண்டுவந்துவிட்டார்.

"சுடுதண்ணி ஊத்திப் பாரேன்லா" என்றார் கங்காணி.

"ஊத்தியாச்சி."

"அப்ப மண்ணெண்ண ஊத்து."

"அதுவும் ஊத்தியாச்சிலா. மட்டமான சாமான வித்துட்டான் பில்டர் வித்த அந்தச் சீனக்கட அப்பெக். மரை கடிச்சிக்கிச்சி."

"அப்ப ஒரே வழிதான். ஸ்க்ரூ டிரைவர வச்சி இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடு. அதையே புடியாப் புடிச்சித் திருகு."

அங்கேதான் தொடங்கியது அந்தச் சத்தம். பெரிய ஸ்க்ரூ டிரைவரை டப்பாவின் வயிற்றில் வைத்துச் சுத்தியலால் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் மோட்டார் முழுவதும் அதிர்ந்து, அந்த அதிர்ச்சி சிமெண்டுத் தரை வழியாக என் உள்ளங்காலுக்கு வந்தது. டப்பாவில் துளை விழுந்தது. மிச்சமிருந்த எண்ணெய் கருகருவென்று வழிந்து அப்பாவின் முழங்கை வரை ஓடியது. ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்து மூச்சைக் கட்டித் திருகினார். டப்பா திரும்பவில்லை, கிழிந்தது. இன்னோர் இடத்தில் குத்தினார், அங்கேயும் கிழிந்தது.

மத்தியானத்துக்குள் பில்டர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு ஒரு தட்டையான அடித்தகடும், அதைச் சுற்றிப் பிய்ந்த தகர நாக்குகளும் மட்டும் மிச்சம். இனி வண்டியைக் கடைக்கும் ஓட்டிப்போக முடியாது. ஞாயிறு என்பதால் திறந்திருக்கும் கடையும் கிடையாது. மேற்கே மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. அப்பா உளியை எடுத்து அந்தத் தகட்டின் விளிம்பில் வைத்து அடிக்கத் தொடங்கினார். அடித்துக்கொண்டே இருந்தார்.

நான் உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருந்தேன். உள்ளே அக்கா பாயில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்துவைத்திருந்தாள். பின்னல் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். காதுகளில் பஞ்சு. காலையில் நான் பார்த்தபோது அந்தப் பக்கத்தில் ஒரு முக்கோணப் படம் இருந்தது. மத்தியானம் சோறு கொண்டுபோய்க் கொடுத்தபோதும் அதே முக்கோணம். மூன்றாவது முறை போனபோதும் அதே. அக்கா அந்தப் பாடத்தை எவ்வளவு ஆழமாகப் படிக்கிறாள் என்று நான் ஆச்சரியப்பட்டேன். வெளியே ஒவ்வோர் அடி விழும்போதும் அவள் ஒரு முறை கண்ணைச் சிமிட்டினாள்.

பரீட்சைக்கு முதல் நாள் ஒரு பிள்ளைக்கு வேண்டியது அமைதி. இது அந்த லயத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்காகத்தான் அத்தனை பேரும் வியர்த்து விறுவிறுத்துப் போய் நின்றார்கள். அவளுக்காகவே அவள் தலைமாட்டில், ஒரு பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், நாள் முழுவதும் இரும்பை அடித்தார்கள்.

சாயங்காலம் மழை தூறத் தொடங்கியபோது அக்கா எழுந்து பின்வாசலுக்கு வந்தாள். காதிலிருந்த பஞ்சை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, போதும்பா."

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்கி நான் எதிர்வீட்டு அத்தகூடப் போய்க்கிறேன். அத்த ஸ்கூல் வழியாத்தான போறாங்க. நான் கேட்டுட்டேன். அஞ்சரைக்கி ரெடியா இருக்கச் சொன்னாங்க."

எப்போது போய்க் கேட்டாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் எல்லாரும் எஞ்சினைச் சுற்றி நின்றபோது முன்வாசல் வழியாகப் போய் வந்திருக்கிறாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

"கப்சாய்லயா?" என்றார் அப்பா.

"நீங்க அடிக்காதீங்கப்பா. எனக்குத் தல வலிக்குது" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டாள்.

அப்பா கையில் சுத்தியலோடு அப்படியே குந்தியிருந்தார். எண்ணெய்க் கறுப்பில் அவர் முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. யார் பக்கம் நின்று அழுவது என்று தெரியாமல் அடக்கிக்கொண்டேன். கங்காணி முக்காலியைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நழுவினார். மற்றவர்களும் மழையைச் சாக்காக வைத்துக் கலைந்தார்கள்.

அப்போது அம்மா வந்தார். அதுவரை அவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு மோட்டாருக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தத் தகட்டின் விளிம்பை விரலால் தடவினார். விரலோடு பழுப்பாக ஏதோ இழுபட்டு வந்தது, நூல் நூலாக. மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். எனக்கும் அந்த வாடை எட்டியது. அது கழிவுப்பாலின் நாற்றம். எண்ணெயில் ஊறி, எஞ்சின் சூட்டில் வெந்து, அப்பா பூசிய பால் பிசினாகி இரண்டு இரும்பையும் ஒன்றாக்கியிருந்தது. அப்பெக் விற்ற சாமானில் ஒரு குற்றமும் இல்லை.

அம்மா விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டார். அப்பாவும் அந்த வாடையில் வளர்ந்தவர்தானே. அவர் தலையைக் குனிந்துகொண்டார். என்னென்னவோ சண்டை போட்டுக்கொண்ட தம்பதிதான் அவர்கள். ஆனால் அன்று அம்மா வாயைத் திறக்காமல் இருந்ததற்காக இன்றைக்கும் அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

உள்ளே போனவர் மரம் வெட்டும் கத்தியை எடுத்துவந்தார். முனை வளைந்து, பட்டையைச் சுருள் சுருளாகச் சீவி எடுக்கும் கத்தி. தகட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே முனையை நுழைத்து, தள்ளித் தள்ளிச் சுற்றி வந்தார். சத்தமே இல்லை. கத்தி இரும்பில் உரசும் மெல்லிய சுரண்டல் மட்டும். பிசின் பட்டை பட்டையாக வந்து தரையில் விழுந்தது. ஒரு சுற்று வந்தார், இன்னொரு சுற்று வந்தார். கத்தியின் வாய் இரண்டு இடத்தில் மழுங்கிப்போனதைப் பார்த்தேன். அதை வைத்துத்தான் மறுநாள் அவர் மரம் வெட்ட வேண்டும்.

"இப்ப திருப்பிப் பாருங்க. அடிக்க வேணாம்" என்றார்.

அப்பா தகட்டின் ஓட்டைகளில் ஒன்றில் உளி முனையைக் கொடுத்து, கையாலேயே நெட்டினார். ஒரு சின்ன முனகலோடு தகடு திரும்பியது. அப்புறம் விரலாலேயே கழற்றி எடுத்துவிட்டார். அவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். அந்தத் தகட்டைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு எஞ்சின் முகத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, புது பில்டரைப் பால் இல்லாமல் மாட்டி, எண்ணெய் ஊற்றினார். கிளப்பிப் பார்க்கவில்லை. "புள்ள படிக்கிறா" என்றார். உருட்டிக்கொண்டு போய் பெரிய ரோட்டுப் பக்கம் கிளப்பிப் பார்த்துவிட்டு, மழையில் நனைந்தபடியே திரும்ப உருட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் நான் எழுந்தபோது வெளியே இன்னும் இருட்டு. வாசலில் இரண்டு மோட்டார்கள் நின்றன. எதிர்வீட்டு அத்தை கப்சாயில் உட்கார்ந்து, மழைச்சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் அப்பாவின் வண்டி. பின் இருக்கையைத் துடைத்து, நனையாமலிருக்க அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். சட்டை போட்டு, தலைமுடியைப் படிய வாரியிருந்தார். அக்காவின் ஹெல்மெட் அவர் கையில் இருந்தது.

"ரெடியாச்சி. ஒரு சொட்டுக் கசியல. நேத்தே ஓட்டிப் பாத்துட்டேன்" என்றார்.

அக்கா சீருடையில் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். அத்தை, "அண்ணே ரெடியா இருந்தா அண்ணன்கூடவே போலா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அப்பா வண்டியில் ஏறிவிடேன் என்று மனத்துக்குள் அக்காவைக் கெஞ்சினேன்.

அக்கா அப்பாவின் கையிலிருந்து ஹெல்மெட்டை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டாள். போய் அத்தையின் பின்னால் உட்கார்ந்தாள்.

"நான் அத்தகூடவே போறேம்பா. நீங்க வேணும்னா பின்னாடி வாங்க."

தையல் மிஷின் கிளம்பியது. கொஞ்சம் தயங்கிவிட்டு அப்பாவும் கிளப்பினார். அவ்வளவு பெரிய வண்டி, அந்தக் கப்சாயின் வேகத்துக்கு முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் உறுமிக்கொண்டே பின்னால் போனது. அத்தை பிற்பாடு சொன்னார்: "ரோடு பூராம் மழ. எல்லா இடமும் சகதி. எம் மோட்டார் லைட்டு என்னாத்தக் காட்டும்? அண்ணன் பின்னாலயே லைட்ட அடிச்சிக்கிட்டு வந்தாரு. அந்த வெளிச்சத்துலதான் ஓட்டுனேன்."

பள்ளிக்கூட வாசலில் அத்தை இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அப்பா போகவில்லை. பரீட்சை முடியும்வரை எதிரே ஒரு கடையின் ஓரமாக நின்றிருந்தாராம். திரும்பி வரும்போது அக்கா அப்பாவின் மோட்டாரில்தான் வந்தாள். அதை அப்பா கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா கணக்கில் தேறினாள். பிரமாதமாக ஒன்றும் இல்லை, ஆனால் தாதிப் பயிற்சிக்கு அது போதுமானதாக இருந்தது. ரிசல்ட் வருவதற்கு முன்பே அப்பா அந்த மோட்டாரை விற்றுவிட்டார். "பெட்ரோலக் குடிக்குது" என்று காரணம் சொன்னார். ஒரு கப்சாய் வாங்கினார், கடைசி வரைக்கும் கப்சாய்தான் ஓட்டினார். தோட்டத்தில் மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டு, எங்களையெல்லாம் கிளப்பிவிட்டபோதும் அதில்தான் சாமான் ஏற்றினோம். படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள், நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, எந்தத் தொடர்பும் இல்லாமல் திடீரென்று சொன்னார்: "ஒங்கக்கா அன்னிக்கி எம் மோட்டார நம்பல." நான் அவர் வாயைத் துடைத்துவிட்டேன்.

அவர் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அக்கா வேலையில் ஓய்வு பெற்று இப்போது கோலா கங்சாரில் இருக்கிறாள். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது, இருவரும் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கையில், ஏனோ கேட்கத் தோன்றியது.

"ஏங்க்கா அன்னிக்கி அத்த மோட்டார்ல ஏறுன? அப்பாதான் எல்லாத்தையும் ரெடி பண்ணி வச்சிருந்தாரே. நடுவழில நின்னுடும்னு பயந்துட்டியா?"

அக்கா கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

"நின்னா என்னா, எறங்கி ஓடியிருப்பேன். அதுக்கா பயந்தேன்? நின்னுருந்தா அப்பா மொகம் எப்படி ஆயிருக்கும்னு நெனச்சிப் பாரு. அந்த மொகத்தப் பாத்துட்டுப் போயி என்னால ஒரு கணக்குகூடப் போட்டிருக்க முடியாது."

"இத அவருகிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா."

"அவரு கேக்கவே இல்லியே" என்றாள் அக்கா.